போன பிறகுதான் தெரியுமா?

திருநெல்வேலிச் சீமையில் வயதான ஒருவரிடம், "அண்ணாச்சி, நீங்க இரட்சிக்கப்பட்டிருக்கீங்களா?" என்று கேட்டால், "அதை நாம எப்படிச் சொல்ல? போன பெறவுதான் தெரியும். ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்" என்பார். அதே கேள்வியைப் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பையனிடம் கேட்டால், "மே மாசக் கன்வென்ஷன் கூட்டத்துல இயேசுவை ஏத்துக்கிறேன்னு கை தூக்கினேன். ஆனா அது உண்மைதானான்னு இப்ப சந்தேகமா இருக்கு" என்பான். பெரியவர் பேச்சு தாழ்மையாகத் தெரிகிறது, பையன் பேச்சு தேடலாகத் தெரிகிறது. தான் இரட்சிக்கப்பட்டவன் என்ற நிச்சயம் எங்கே கிடைக்கும் என்பது இரண்டு பேருக்குமே தெரியாது. இருவரும் தங்களுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் பெரியவர். "எனக்கு நித்தியஜீவன் உண்டு" என்று சொல்வது ஆணவம் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. நல்லவனுக்குத்தான் பரலோகம், நான் நல்லவன் என்று நானே எப்படிச் சொல்வது என்ற கணக்கு அது. கணக்கின் முதல் வரியிலேயே பிசகு. யோவான் தன் முதலாம் நிருபத்தை (கடிதத்தை) எதற்காக எழுதினார் என்பதை அவரே 5:13-ல் சொல்லிவிடுகிறார்: "உங்களுக்கு நித்தியஜீவன் உண்டென்று நீங்கள் அறியும்படிக்கும்." அறியவே முடியாத ஒன்றை அறியச் சொல்லி ஒரு அப்போஸ்தலர் நிருபம் எழுதமாட்டார். எபேசியர் 2:8 இரட்சிப்பை "தேவனுடைய ஈவு" என்கிறது. ஈவாக வாங்கியதை வாங்கினேன் என்று சொல்வதில் ஆணவம் எங்கிருந்து வரும்? வாங்கியும் வாங்காத மாதிரிப் பேசுவதுதான் கொடுத்தவருக்கு மரியாதைக்குறைவு.

பையனின் சிக்கல் வேறு. அதற்குக் கொஞ்சம் இந்த ஊர்ச் சரித்திரம் வேண்டும். 1778-ல் குளோரிந்தா என்ற பெண்மணி ஞானஸ்நானம் பெற்றார்; 1785-ல் அவர் முயற்சியால் பாளையங்கோட்டையில் கிறிஸ்தவக் கோயில் எழும்பியது. 1799-ல் உண்டான முதலூர், விசுவாசத்துக்காக அடிபட்டவர்கள் ஒதுங்கி வாழ ஏற்படுத்திய ஊர். 1820-ல் மிஷனரி ரேனியஸ் வந்த பிறகு ஊர் ஊராகவே கிறிஸ்துவிடம் வந்தார்கள். அந்த முதல் தலைமுறைக்கு, எந்த நாளில் எதை விட்டு எங்கே வந்தோம் என்பது தெளிவாகத் தெரியும். அதற்கு விலையும் கொடுத்தார்கள். ஐந்தாறு தலைமுறை கழித்துப் பிறந்த இன்றைய பிள்ளைக்கு அப்படி ஒரு நாள் இல்லை. குழந்தையில் ஞானஸ்நானம், பிறகு ஓய்வுநாள் பள்ளி, பிறகு திடப்படுத்தல், பிறகு வாலிபர் கூடுகை. இயேசுவை நம்பாத ஒரு நாள் அவன் நினைவிலேயே இருக்காது. மேடையில் இருந்து ஒருவர், "இரட்சிக்கப்பட்ட தேதி தெரியாதவன் இரட்சிக்கப்படாதவன்" என்று அடித்துச் சொல்லும்போது அவன் நடுங்கிப்போகிறான்.

அந்த வாக்கியத்துக்கு வேதத்தில் ஆதாரம் கிடையாது. பிலிப்பி பட்டணத்தையே பாருங்கள். அப்போஸ்தலர் 16-ம் அதிகாரத்தில் சிறைச்சாலைக்காரனுக்குப் பூமியதிர்ச்சி, உருவிய பட்டயம், நடுராத்திரி ஞானஸ்நானம். அதே அதிகாரத்தில் லீதியாளுக்கு ஆற்றங்கரை, ஓர் உபதேசம், கர்த்தர் இருதயத்தைத் திறந்தார், அவ்வளவுதான். பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவுக்கு அதுகூட இல்லை. பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள், சிறுவயது முதல் வேத எழுத்துக்கள். பவுல் அவனிடம் தேதி கேட்கவில்லை. அவனுக்குள் இருக்கிற விசுவாசம் மாயமற்றது என்று 2 தீமோத்தேயு 1:5-ல் சொல்கிறார். நம் சேகரங்களில் (சபை வட்டாரங்களில்) இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தீமோத்தேயுக்கள். அவர்களைப் பிடித்துச் சிறைச்சாலைக்காரனின் சாட்சியைச் சொல்லச் சொன்னால், சிலர் தடுமாறுவார்கள், சிலர் கதை கட்டுவார்கள். கட்டிய கதையின் மேல் நிச்சயம் நிற்காது.

விசுவாசம் வேறு, நிச்சயம் வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1843-ல் திறந்த சுலோச்சன முதலியார் பாலத்தில், தாமிரபரணியில் வெள்ளம் இரண்டு கரையும் புரண்டு ஓடும்போது ஒருவன் பாட்டுப் பாடிக்கொண்டு போவான், இன்னொருவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடுங்கி நடுங்கிப் போவான். இரண்டு பேரும் ஜங்ஷன் பக்கம் போய்ச் சேருவார்கள், ஏனென்றால் தாங்குவது பாலம். நடுக்கம் போக வேண்டியதுதான். ஆனால் நடுக்கம் இருப்பதால் பாலத்தில் இல்லை என்று ஆகாது. 1646-ல் எழுதி முடித்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் 18-ம் அதிகாரம், மெய் விசுவாசி ஒருவன் நிச்சயம் பெற நெடுநாள் காத்திருக்கலாம், பெற்ற நிச்சயம் அசைக்கப்படவும் குறையவும் கூடும் என்கிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி குருவானவராகிப் பல ஆண்டு ஊழியம் செய்த பிறகுதான், 1738 மே 24 அன்று தன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்ற நிச்சயம் பெற்றார். பிரசங்கியாருக்கே அப்படி என்றால், பிளஸ் டூ படிக்கும் பிள்ளை கலங்குவதில் அதிசயம் என்ன?

உறவுக்காரர்கள் மத்தியில் இதைப் பேசும்போது குழப்பம் கூடும். கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பங்களில் சம்பந்தம் உண்டு. 1547-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம், தன் கிருபை நிலையை விசுவாச நிச்சயத்தோடு யாரும் அறிய முடியாது என்று தீர்மானித்தது. நம்பிக்கையோடு இருக்கலாம், உறுதியாகச் சொல்லக் கூடாது என்பது அவர்கள் நிலை. பக்கத்துத் தெரு பெந்தெகொஸ்தே சபையிலோ, பெற்ற இரட்சிப்பை இழந்துபோகலாம் என்று எச்சரிப்பார்கள். இழக்கலாமா கூடாதா என்ற வாதம் பெரியது. சந்தேகத்தில் தவிக்கிறவனிடம் அதைத் தீர்த்துவைத்த பிறகுதான் ஆறுதல் என்று உட்கார வேண்டியதில்லை. வெஸ்லி, விழுந்துபோகக் கூடும் என்று நம்பியவர்தான். "இன்று நான் தேவனுடைய பிள்ளை" என்று ஒருவன் இன்றைக்கு அறியலாம் என்று அடித்துப் பிரசங்கித்தவரும் அவர்தான்.

கூட்டம் முடிந்த பிறகு

கன்வென்ஷனில் அழைப்புக் கொடுத்ததும் முன்னால் வருகிறவர்களில், போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் வந்த அதே முகங்கள் இருக்கும். அவர்களை மறுபடி வரிசையில் நிறுத்தி, "நான் சொல்லச் சொல்ல நீங்களும் சொல்லுங்க" என்று அதே ஜெபத்தைச் சொல்லவைப்பதுதான் பெரிய தவறு. போன தடவை சொன்ன ஜெபம் வேலை செய்யவில்லை என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிறது. அடுத்த வருஷம் இன்னும் நன்றாகச் சொல்ல வேண்டும், இன்னும் அழ வேண்டும் என்று அந்தப் பிள்ளை நினைக்கும். ஜெபத்தின் தரத்தில் இரட்சிப்பு தொங்குகிறது என்ற புது உபதேசம் இப்படித்தான் உண்டாகிறது.

ஜெப அறையில் உட்காருகிறவர்கள் முதல் பத்து நிமிஷம் வாயை மூடிக் கேட்பது நல்லது. மூன்று கேள்வி போதும். இந்தத் தடவை எதற்காக முன்னால் வந்தீங்க? போன தடவை வந்த பிறகு என்ன ஆச்சு? மனசைக் குத்துற மாதிரி குறிப்பா ஒரு காரியம் இருக்கா? பதில்களில் இருந்து, வந்திருப்பது எந்த வகைச் சந்தேகம் என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும். சுவிசேஷமே விளங்காத சந்தேகம் ஒன்று. உணர்ச்சி வரவில்லையே என்ற சந்தேகம் ஒன்று. மறைத்துவைத்த பாவத்தால் வரும் சந்தேகம் ஒன்று. உடம்பும் மனசும் சோர்ந்ததால் வரும் சந்தேகம் ஒன்று. நாலுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தால் மூன்று பேருக்குக் கெடுதல்.

சுவிசேஷம் விளங்காதவருக்கும் உணர்ச்சியைத் தேடுகிறவருக்கும், ஒரே ஒரு வசனத்தில் உட்காருவது நல்லது. யோவான் 6:37-ன் பிற்பகுதி: "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை." நாம் வாசித்துக் காட்டக் கூடாது, அவர் வாயால் சத்தமாக வாசிக்கட்டும். ஒரு தாளில் இடது பக்கம் அவர் பயங்களை எழுதச் சொல்லுங்கள். "அழுகை வரல." "மறுபடி அதே பாவத்துல விழுந்துட்டேன்." "என் விசுவாசம் கொஞ்சந்தான்." வலது பக்கம் இந்த வசனத்தை எழுதி, ஒவ்வொரு பயத்தையும் காட்டி, "இந்த வசனத்துல இதுக்கு விலக்கு போட்டிருக்கா?" என்று கேளுங்கள். அவராகவே தேடட்டும். அழுதுகொண்டு வருகிறவனை, அதே பாவத்தில் மறுபடி விழாதவனை, பலத்த விசுவாசம் உள்ளவனை என்று எதுவும் அங்கே இல்லை. வருகிறவனை, அவ்வளவுதான். "முன்னே வந்தேனா இல்லையான்னே தெரியலையே" என்றால், அதைத் தோண்ட வேண்டாம். இப்போது வரலாம். பத்து வருஷத்துக்கு முன்னால் வந்தது மெய்யாக இருந்தால் இப்போது வருவதில் நஷ்டம் இல்லை. மெய்யாக இல்லாமல் இருந்தால் இப்போது மெய்யாகிறது. பழைய தேதிக்கு இனி வேலை இல்லை.

"விசுவாசம் போதாது" என்று புலம்புகிறவருக்கு மாற்கு 9:24. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறிய தகப்பனுடைய பிள்ளை சுகமாகித்தான் வீட்டுக்குப் போனான்.

வீட்டுக்குப் போகும்போது ஐந்து வசனம் குறித்துக் கொடுக்கலாம்: யோவான் 5:24, 6:37, 10:28, 1 யோவான் 1:9, 5:13. வாரம் ஒன்று மனப்பாடம், அதற்கு மேல் வேண்டாம். ஒரே நாளில் ஐம்பது வாக்குத்தத்தம் வாட்ஸப்பில் அனுப்புகிற பழக்கத்தால் எதுவும் மனசில் தங்குவதில்லை.

யோவானின் நிருபத்தை வாசிக்கும் விதம்

1 யோவான் ஐந்தே அதிகாரம், 105 வசனம். சத்தமாக வாசித்தால் இருபது நிமிஷத்துக்குள் முடியும். துண்டு துண்டாக வாசித்தால் பயம்தான் மிஞ்சும். முதல் தடவை ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். பிறகு பென்சிலோடு மூன்று தடவை. இயேசு யார் என்று சொல்லும் இடங்களுக்கு ஒரு குறி, தேவனுடைய கற்பனைகளை (கட்டளைகளை) கைக்கொள்ளுதல் பற்றிய இடங்களுக்கு ஒரு குறி, சகோதர அன்பு பற்றிய இடங்களுக்கு ஒரு குறி. முடித்துப் பார்த்தால், இந்த மூன்று நூலையும் யோவான் மாற்றி மாற்றிப் பின்னியிருப்பது தெரியும். இவை ஜீவன் இருப்பதற்கான அடையாளங்கள். ஜீவனைச் சம்பாதிக்கும் வழிகள் என்று எடுத்துக்கொண்டால் நிருபமே தலைகீழாகிவிடும்.

இதில் ஆட்கள் தவறுகிற இடம் ஒன்று உண்டு. 3:9-ல் "தேவனால் பிறந்த எவனும் பாவஞ்செய்யான்" என்று வாசித்ததும் நிருபத்தை மூடிவைத்துவிடுவார்கள். முதல் அதிகாரத்தை மறந்துவிட்டார்கள். "நமக்குப் பாவமில்லையென்போமானால், நம்மை நாமே வஞ்சிக்கிறவர்களாயிருப்போம்" என்று 1:8-ல் எழுதியதும் அதே கைதான். ஒருவன் பாவஞ்செய்தால் பிதாவினிடத்தில் பரிந்து பேசுகிறவர் இருக்கிறார் என்று 2:1-ல் எழுதியதும் அதே கைதான். மூன்றையும் சேர்த்து வாசித்தால், 3:9 பாவத்தில் குடியிருந்து அதிலே சுகமாக இருக்கிறவனைப் பற்றியது, விழுந்து எழுந்து அழுகிறவனைப் பற்றியதல்ல என்பது விளங்கும்.

இன்னொரு தவறு, இந்த அடையாளங்களைத் தினசரி மார்க் ஷீட்டாக ஆக்குவது. இன்று அன்பு எத்தனை, கீழ்ப்படிதல் எத்தனை என்று ராத்திரி பத்து மணிக்கு மேல் படுக்கையில் கணக்குப் பார்க்கிறவர் தூங்கமாட்டார். ஒரு வருஷத்தையோ இரண்டு வருஷத்தையோ மொத்தமாகப் பார்க்க வேண்டிய காரியம் இது. அதையும் தனியாகச் செய்ய வேண்டாம். நம்மை நன்றாகத் தெரிந்த ஒருவர், அம்மாவோ மனைவியோ நல்ல கூட்டாளியோ, நம்மில் வந்த மாறுதலை நம்மைவிட நேராகப் பார்ப்பார். அப்படியும் மனசு குத்திக்கொண்டே இருந்தால் 3:20 இருக்கிறது: நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்த்தாலும், "தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து" எல்லாவற்றையும் அறிந்திருக்கிறார்.

அன்பின் அடையாளத்தை மட்டும் நம் ஊரில் கொஞ்சம் கடுமையாகவே வைக்க வேண்டும். சேகரக் கமிட்டித் தேர்தல் முடிந்து மூன்று வருஷமாகியும் எதிரணிக்காரர் வீட்டுத் துக்கத்துக்குப் போகாதவர்கள் உண்டு. சாதி பார்த்து, சபை விருந்தான அசனப் பந்தியில் இடம் தள்ளி உட்காருகிறவர்கள் உண்டு. கல்லறையில்கூடப் பாகம் பிரிக்கிற ஊர்கள் உண்டு. "தேவனிடத்தில் அன்புகூருகிறேனென்று ஒருவன் சொல்லியும், தன் சகோதரனைப் பகைத்தால், அவன் பொய்யன்" என்று 4:20 சொல்கிறது. இதை வைத்துக்கொண்டு நிச்சயம் வரவில்லையே என்று உபவாசம் இருந்து என்ன பிரயோஜனம்? வராததற்குக் காரணம் பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கிறது.

பயமுறுத்தும் மூன்று பகுதிகள்

மன்னிப்பில்லாத பாவம் பற்றிய பயம் அடிக்கடி வருவது. மத்தேயு 12-ஐ மட்டும் வாசிக்காமல் மாற்கு 3-ஐயும் வாசிக்க வேண்டும். அங்கே 30-ம் வசனம் காரணத்தையே சொல்லிவிடுகிறது. இயேசுவிடம் அசுத்த ஆவி இருக்கிறது என்று வேதபாரகர் சொன்னதால்தான் அவர் அப்படிப் பேசினார். கண்முன்னே தேவனுடைய கிரியையைப் பார்த்தும், மனசறிந்து அதைப் பிசாசின் வேலை என்று தீர்ப்பெழுதியவர்கள் அவர்கள். அவர்கள் யாரும் "ஐயோ, தப்புப் பண்ணிட்டோமோ" என்று அழுதுகொண்டு இயேசுவிடம் வரவில்லை. அழுதுகொண்டு வருகிறவர் அந்தக் கூட்டத்தில் இல்லை.

எபிரெயர் 6:4-6 கடினமான பகுதிதான். பின்வாங்கினவர்கள் மறுபடி மனந்திரும்புவது கூடாத காரியம் என்று வாசித்ததும் நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் மூன்று வசனம் போனால், இப்படிச் சொன்னாலும் இரட்சிப்புக்குரிய காரியங்கள் உங்களிடத்தில் உண்டென்று நம்பியிருக்கிறோம் என்று அதே வாசகர்களை நிருபத்தை எழுதினவர் தேற்றுகிறார். எச்சரிக்கை கிறிஸ்துவை உதறிவிட்டுப் போகிறவனுக்கு. திரும்பி வர ஆசைப்படுகிறவனைக் கதவடைத்து அனுப்புவதற்கு அல்ல.

மத்தேயு 7:22-23-ல் தள்ளப்பட்டவர்கள் எதைக் காட்டி வாதாடினார்கள் என்று பாருங்கள். தீர்க்கதரிசனம் உரைத்தோம், பிசாசுகளைத் துரத்தினோம், அற்புதங்கள் செய்தோம். எல்லாம் தாங்கள் செய்தது. லூக்கா 18-ல் வரி வசூலிக்கும் ஆயக்காரனிடம் அப்படி ஒரு பட்டியல் இல்லை; "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்ற ஒரு வரிதான். அவன் நீதிமானாக வீட்டுக்குப் போனான்.

மறைத்துவைத்த காரியம்

மூன்றாவது வகைச் சந்தேகத்துக்கு வாக்குத்தத்தம் மட்டும் கொடுத்தால் அது வலிக்கு மாத்திரை போட்டுக் கட்டியை விட்டுவைக்கும் வேலை. பனங்காட்டில் அண்ணன் தம்பி பங்கை மாற்றி எழுதியது, சகோதரிக்குச் சேர வேண்டிய நகையை அமுக்கியது, சீட்டுப் பணத்தைத் திருப்பாதது, சபைக் கணக்கில் கைவைத்தது: இவைதான் திரும்பத் திரும்ப வெளியே வருகின்றன. இப்படி ஒன்றை அடைத்துவைத்துக்கொண்டு ஜெபிக்கும்போது நிச்சயம் வராமல் போவது ஆவியானவர் செய்யும் நல்ல வேலை.

சரிக்கட்டும்போது முறை உண்டு. யாருக்கு, எவ்வளவு, எதற்காக என்று தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. லூக்கா 19-ல் வரும் ஆயக்காரன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் தருகிறேன் என்றான். முழுத் தொகை கையில் இல்லாவிட்டால், இருப்பதைக் கொடுத்து மீதிக்குத் தவணை சொல்லலாம். உரியவர் இறந்திருந்தால் அவர் பிள்ளைகளுக்கு. நேரில் போக வேண்டும். குடும்ப வாட்ஸப் குழுவில் மன்னிப்புக் கேட்பது நாடகம். "நான் இதைச் செய்தேன், தப்பு, இதோ உங்க பணம்" என்பதோடு நிறுத்த வேண்டும். "நீங்க மட்டும் அன்னைக்கு" என்று ஆரம்பித்தால் பழைய சண்டை புதுசாகும். எதிராளி மன்னிக்காமல் கதவைச் சாத்தினாலும் உங்கள் பங்கு முடிந்தது.

இரண்டு எச்சரிக்கை. இன்னொருவர் மானமும் சம்பந்தப்பட்ட பாவத்தைச் சாட்சி நேரத்தில் மேடையில் கொட்டக் கூடாது. அதைச் சேகரத்து ஐயரிடமோ (குருவானவரிடமோ) முதிர்ந்த ஒருவரிடமோ தனியாகப் பேச வேண்டும். அடுத்தது, பணத்தைத் திருப்பிக் கொடுத்ததால் மன்னிப்பு வாங்கினேன் என்று நினைத்துவிடக் கூடாது. சகேயுவின் வீட்டுக்கு இயேசு முதலில் போனார். பணம் பிறகுதான் வெளியே வந்தது.

உடம்பும் மனசும்

இதை நம் சபைகளில் சரியாகக் கையாளுவதில்லை. ஒரு பிள்ளைக்கு, திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்கப் போகும் நேரத்தில் இயேசுவைப் பற்றி அசிங்கமான நினைப்பு தானாக வந்து முட்டும். வராதே என்று தள்ளத் தள்ள இன்னும் வேகமாக வரும். அந்தப் பிள்ளை உடனே மன்னிப்புக் கேட்கும், சரியாகக் கேட்டேனா என்று மறுபடி கேட்கும், ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை கேட்கும். ஐயரிடம் போய் உறுதி வாங்கும். மறுநாள் அது கரைந்துவிடும், மறுபடி போகும். இது எண்ணச் சுழற்சி நோயாக (OCD) இருக்க வாய்ப்பு அதிகம். விசுவாசக் குறைவென்றோ பிசாசு பிடித்ததென்றோ சொல்லி உபவாசக் கூட்டங்களுக்கு இழுத்துக்கொண்டு திரிந்தால் நோய் முற்றும். ஒவ்வொரு தடவையும் "நீ இரட்சிக்கப்பட்டவதான், பயப்படாதே" என்று உறுதி கொடுப்பதும் சுழற்சிக்குத் தீனி போடுவதுதான். ஒரு பாவத்தை ஒரு தடவை அறிக்கையிட்டாயிற்று, இனி அந்த நினைப்பு வந்தால் பதில் சொல்லாமல் செய்கிற வேலையைத் தொடர வேண்டும் என்று மெதுவாகப் பழக்க வேண்டும்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவதில் வெட்கம் ஒன்றுமில்லை. மாத்திரை ஆரம்பித்தால் பலன் தெரியப் பல வாரம் ஆகும். இரண்டாவது வாரத்தில் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துவதும், கொஞ்சம் தெளிந்ததும் "ஜெபத்துல சரியாச்சு" என்று டாக்டரைக் கேட்காமல் நிறுத்துவதும்தான் வழக்கமாக நடக்கிற தப்பு. பிரசவத்துக்குப் பிறகு "தேவன் என்னைக் கைவிட்டுட்டார்" என்று சொல்லும் தாயையும், தூக்கம் சாப்பாடு விட்டுப்போன முதியவரையும் அதே மாதிரி டாக்டரிடம் காட்ட வேண்டும். சாவதைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே.

"இம்மானுவேலின் இரத்தத்தால்" என்று நாம் பாடுகிற பாட்டை ஆங்கிலத்தில் எழுதிய வில்லியம் கூப்பர், 1773-ல் மனம் கலங்கி, தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்று நம்பத் தொடங்கினார். 1800-ல் சாகும்வரை அந்த இருள் முழுவதும் விலகவில்லை. அந்தப் பாட்டினால் தேறினவர்கள் எத்தனையோ பேர். எழுதினவரின் மனநோயை வைத்து அவர் விசுவாசத்துக்குத் தீர்ப்புச் சொல்ல யாரால் முடியும்?

திருவிருந்தும் மரணப் படுக்கையும்

சந்தேகம் வந்ததும் திருவிருந்துக்கு வராமல் நின்றுவிடுகிறவர்கள் நம் கோயில்களில் அதிகம், முக்கியமாக வயதான அம்மாமார். "அபாத்திரமாய்" (தகுதியில்லாத விதமாய்) என்ற 1 கொரிந்தியர் 11:27 அவர்களைத் தடுக்கிறது. அங்கே பவுல் கண்டித்தது, ஏழைகள் பசியாக இருக்க முந்திக்கொண்டு சாப்பிட்டவர்களை. அடுத்த வசனம், தன்னைச் சோதித்தறிந்து புசிக்கச் சொல்கிறது. சோதித்துப் பார்த்து வீட்டிலேயே இருக்கச் சொல்லவில்லை. பழைய ஜெபப் புத்தக முறைமையில் பாவ விமோசனம் கூறிய பிறகு நாலு வசனம் வாசிப்பார்கள்: மத்தேயு 11:28, யோவான் 3:16, 1 தீமோத்தேயு 1:15, 1 யோவான் 2:1. நிச்சயம் தேடுகிறவருக்கு வேண்டிய எல்லாம் அந்த நாலில் இருக்கிறது. காதில் விழுந்து விழுந்து பழகிப்போனதால் கேட்பதில்லை. அடுத்த தடவை பாட்டுப் புத்தகத்தில் பக்கம் புரட்டாமல் அந்த ஒரு நிமிஷம் நிமிர்ந்து கேட்கலாம்.

சாகக் கிடக்கிறவரைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றுகொண்டு, "இரட்சிப்பு நிச்சயம் உண்டா, சொல்லுங்க" என்று பரீட்சை வைப்பதை விட்டுவிடுங்கள். மருந்து மயக்கத்தில் அவர் சொல்லும் பதிலுக்கும் சொல்லாத பதிலுக்கும் அர்த்தம் கிடையாது. ஒருவர் மட்டும் காதுப் பக்கம் உட்கார்ந்து சங்கீதம் 23, யோவான் 14:1-3, ரோமர் 8:38-39 வாசித்தால் போதும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். பழைய திருப்புதலையே (பழைய தமிழ் வேத மொழிபெயர்ப்பையே) வாசியுங்கள், அவர் சின்ன வயதில் படித்தது அதுதான்.

சந்தேகமே இல்லாதவர்

கடைசியாக, நிச்சயம் அளவுக்கு மேல் உள்ளவர்கள். தாத்தா உபதேசியார், கோயில் கட்டின கல்வெட்டில் குடும்பப் பெயர், சின்ன வயதில் கூட்டத்தில் கை தூக்கியாயிற்று, இப்போது வட்டிக்கு விட்டு ஏழைகளைக் கசக்கிக்கொண்டிருக்கிறார், ராத்திரி நன்றாகத் தூங்குகிறார். இவருக்கு, என் கையிலிருந்து ஒருவனும் பறித்துக்கொள்வதில்லை என்கிற யோவான் 10:28-ஐக் கொடுப்பது ஆபத்து. "ஆபிரகாம் எங்களுக்குத் தகப்பன்" என்று நினைத்தவர்களுக்கு யோவான்ஸ்நானன், அந்தப் பெருமை செல்லாது, மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனிதான் வேண்டும் என்று கொடுத்த பதில் மத்தேயு 3-ல் இருக்கிறது; அதை ஒளிக்காமல் வாசித்துக் காட்ட வேண்டும், முடிந்தால் நாலு பேர் இல்லாத இடத்தில், முடிந்தால் நாமும் அவரிடம் நன்கொடை கேட்டுப் போகாத ஒரு நாளில்.